திரையில் விழுகின்ற உடல்களை அடக்குவது யார்?

2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம். வீட்டில் பிள்ளைகள், மருமக்கள், அயல்வீட்டுப் பையன்கள் என்று ஒரு கூட்டம். மூத்த மகன் தனது போனை டீவியோடு இணைத்து 'ஜெயிலர்' படத்தைப் போட்டிருந்தான். சுவரோரம் கிடந்த கதிரையில் என் தாய்மாமன் இருந்தார். கரைவலை இழுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். எழுபதைக் கடந்து நடமாட்டம் குறைந்துவிட்ட பிறகும் பெருநாளைக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போவார்.

படத்தில் ரஜினிகாந்த் ஒரே வீச்சில் ஒருவனின் தலையைத் துண்டாக்குகின்ற இடம் வந்தது. அனிருத்தின் இசை வீட்டுக் கூரையை அதிரவைத்தது. பையன்கள் விசிலடித்தார்கள். நானும் கை தட்டினேன். இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். மாமா மட்டும் மெல்ல எழும்பி வெளியே போய்விட்டார்.

சற்று நேரம் கழித்துத் தேத்தண்ணியோடு முற்றத்துக்குப் போனேன். மாமரத்தடியில் இருந்தார்.

"என்ன மாமா, சத்தம் கூடிப் போச்சா?" என்று கேட்டேன்.

"சத்தத்துக்கில்ல மகன். தலை இல்லாத மையித்த நான் தூக்கியிருக்கன். அதப் பாட்டோட பார்க்க ஏலா" என்றார். பின்னர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வலைக் கதைக்குப் போய்விட்டார்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பின்னர், எங்கள் கரையோரத்தில் மூன்று நாட்களாக மையித்துகளைப் பொறுக்கிச் சேர்த்தவர்களில் மாமாவும் ஒருவர். அப்போது நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வீட்டில் நின்றதால் நானும் அவர்களோடு போனேன். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று எங்கும் ஒரே காட்சிதான். கபனுக்குத் துணி போதவில்லை, குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. ஆனாலும் கிடைத்த சீலையில் சுற்றி, தெரிந்ததை ஓதி, மண்ணுக்குள் வைத்தோம். பெயர் தெரியாதவர்களையும் அப்படியே வைத்தோம். ஒரு சிறுமியின் காலில் கிடந்த கொலுசைக் கழற்றி, தேடி வருகின்றவர்களுக்கு அடையாளம் சொல்லலாமென்று மாமா தனது சாரன் மடிப்பில் பல நாள் வைத்திருந்தார். யாரும் வரவில்லை. அந்த மனிதர் இருந்த அறையில்தான் நான் கை தட்டினேன்.

அன்றிலிருந்து இந்த விடயம் என்னை அரித்துக்கொண்டிருக்கின்றது. வாசகர்கள் என்னோடு சற்றுப் பொறுமையாக வரவேண்டும்.

*

திரையில் வருகின்ற கொடூரம் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகளே உண்டு. ஒன்று மிம்பரிலிருந்து வருவது. சினிமாவே ஆகாது, ஆகவே அதில் எது கூடும் எது கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பது அது. அடுத்தது நமது இலக்கிய நண்பர்களிடமிருந்து வருவது. அது வெறும் பொழுதுபோக்கு, இரத்தமெல்லாம் சாயம், கலையைக் கலையாகப் பார்க்கத் தெரியாதவர்களே பதறுகின்றார்கள் என்பது அது. இரு சாராரும் படத்தைப் பார்ப்பதில்லை என்பதே எனது குறை. முன்னவர் பார்க்காமல் விலக்குகின்றார், பின்னவர் பார்க்காமல் மன்னிக்கின்றார்.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10 இல் வெளிவந்தது. தலை துண்டாவதும், காது அறுபடுவதும், உயிருள்ள மனிதர்களை அமிலப் பீப்பாய்க்குள் இறக்குவதும் உள்ள அப்படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் 'யு/ஏ' சான்றிதழே வழங்கியது. அதாவது பெற்றோரின் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம். அச்சான்றிதழை இரத்துச் செய்யுமாறு ஒரு வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது. இரண்டு ஆண்டுகளின் பின், 2025 ஆகஸ்ட் 14 இல், அதே நடிகரும் அதே தயாரிப்பு நிறுவனமும் தந்த 'கூலி' வந்தது. இம்முறை வாரியம் வயது வந்தோருக்கு மட்டுமான 'ஏ' சான்றிதழைக் கொடுத்தது. இதேயளவு வன்முறையுள்ள வேறு படங்களுக்கு 'யு/ஏ' கிடைத்திருக்கின்றதே, சிறுவர்களுடன் குடும்பமாக வருகின்றவர்கள் பார்க்க முடியாமற் போகின்றதே என்று தயாரிப்பாளர் தரப்பு அதே நீதிமன்றத்துக்குப் போனது. அதுவும் தள்ளுபடியானது. ஒரு முறை பிள்ளைகளை உள்ளே விடாதே என்று ஒருவர் கேட்டார். மறு முறை பிள்ளைகளை உள்ளே விடு என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு வழக்குகளிலும் கேள்வி வயதைப் பற்றியதாகவே இருந்தது.

இதற்கிடையில் இந்தியாவில் 2023 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் 'யு/ஏ' என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தச் சான்றிதழ்கள் பாக்குநீரிணையைக் கடந்து எங்களூருக்கு வருவதில்லை. இங்கு படம் டிஷ் வழியாக வரும், பென்ட்ரைவில் வரும், போனில் வரும். போனுக்கு டிக்கட் கிழிப்பவர் கிடையாது.

நமது நாட்டுத் தொலைக்காட்சியில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான சட்டம் வந்த பின்னர், திரையில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் அவ்விடத்தை மங்கலாக்கி மறைத்துவிடுகின்றார்கள். வில்லனின் வாயிலுள்ள சிகரெட் மறைக்கப்பட்டிருக்கும், அவனது கையிலுள்ள அரிவாள் பளிச்சென்று தெரியும். புகை பிள்ளையின் நெஞ்சைக் கெடுக்கும் என்பதில் அரசுக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் அரிவாளைப் பற்றி நாம் இன்னும் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதைத்தான் அந்த மங்கல் காட்டுகின்றது.

*

பிரச்சினை இரத்தத்தின் அளவா? அப்படியானால் நமது இலக்கியத்தின் பெரும்பகுதியைக் கட்டிப் பரணில் போடவேண்டிவரும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. இன்றைய எந்தப் படக்காரரும் அந்தளவு துணியமாட்டார். தமிழில் முஸ்லிம் புலவர்கள் பாடிய படைப்போர் இலக்கியங்களிலும் தலைகள் உருள்கின்றன, குருதி ஆறாக ஓடுகின்றது. எனது மூத்தம்மா கர்பலாக் கதையைச் சொல்லும்போது, நபியின் பேரருடைய தலை வேறாக்கப்பட்ட இடத்தையும் விடாமல் சொல்லுவா. சிறுவர்களாகிய நாங்கள் அவவின் மடியில் கிடந்து அதைக் கேட்டோம். யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை.

ஆனால் அந்த இடம் வரும்போது மூத்தம்மா அழுவா. அவ அழுவதைப் பார்த்து நாங்களும் அழுவோம். ஜெயங்கொண்டாரின் பரணியிலும், அத்தனை கூழுக்கும் கூத்துக்கும் நடுவே, போர்க்களத்தில் கணவனின் உடலைத் தேடிக்கொண்டு வருகின்ற பெண் இருக்கின்றாள். சிதறிக் கிடக்கின்ற உறுப்புகளுக்கிடையே தன்னுடையவனை அடையாளம் காண அவள் படுகின்ற பாட்டைப் புலவர் விட்டுவிடவில்லை. வெற்றியைப் பாட வந்த நூலுக்கே அவள் தேவைப்பட்டிருக்கின்றாள்.

இதனோடு சேர்த்து நான் அடிக்கடி நினைக்கின்ற வரலாறு ஒன்றுண்டு. மண்ணில் நடந்த முதற் கொலையைத் திருக்குர்ஆன் ஐந்தாவது அத்தியாயத்தில் சொல்கின்றது. ஆதமின் இரு மக்களில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிடுகின்றான். அவன் எதனால் கொன்றான், எங்கே அடித்தான், இரத்தம் எப்படி ஓடியது என்று ஒன்றும் அங்கில்லை. கொலை ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர்தான் கதை நிற்கின்றது. ஒரு காகம் வந்து நிலத்தைக் கிளறுகின்றது. சகோதரனின் உடலை எப்படி மறைப்பது என்பதை அது கொன்றவனுக்குக் காட்டிக்கொடுக்கின்றது. அந்தக் காகத்துக்கு இருக்கின்ற அறிவுகூட எனக்கில்லையே என்று அவன் கைசேதப்படுகின்றான். ஓதத் தெரிந்த எல்லோரும் அறிந்த வரலாறுதான். நான் சொல்ல வருவது, அந்தக் கதை நமது கண்ணை எவ்விடத்தில் நிறுத்துகின்றது என்பதையே. வெட்டுவதை அது காட்டவில்லை, அடக்குவதைக் காட்டுகின்றது. கொலைகாரனுக்கும்கூடக் கைசேதம் பிறப்பது அடக்குகின்ற நேரத்தில்தான்.

ஆகவே எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரு பிரதியில் எத்தனை பேர் சாகின்றார்கள், எவ்வளவு இரத்தம் தெறிக்கின்றது என்பதை நான் எண்ணுவதில்லை. செத்தவர்களை யாராவது தேடி வருகின்றார்களா, அடக்குகின்றார்களா என்று பார்க்கின்றேன்.

*

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாம் பேசுகின்ற படங்களில் ஒரு விசித்திரம் தெரியும். 'ஜெயிலர்' படத்தின் வில்லன் ஆட்களை அமிலத்தில் கரைத்துவிடுகின்றான். 'கூலி'யின் கதையோ, இறந்தவரின் உடலைச் சுவடில்லாமல் எரித்துவிடுகின்ற ஒரு மின்சார நாற்காலியைச் சுற்றியே போகின்றது. கொல்வது போதாது, உடலே இல்லாமலாக்க வேண்டும். இவை வில்லனின் வேலைகள் என்று சொல்லலாம். ஆனால் கதாநாயகனின் கையால் விழுகின்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு சண்டைக் காட்சியில் முப்பது நாற்பது அடியாட்கள் விழுகின்றார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களுடைய வீட்டுக்குச் செய்தி போவதில்லை. அடுத்த காட்சியில் அந்த நிலம் சுத்தமாக இருக்கின்றது. கதாநாயகனின் மகனுக்காகப் படம் முழுவதும் அழுகின்ற நாம், அந்த நாற்பது பேரும் யாருக்கோ மகன்மார் என்பதை ஒரு கணமும் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதற்காகவே அந்த இசை அப்படி அமைக்கப்பட்டிருக்கின்றது. விசிலடிக்கின்ற வாயால் அழ முடியாது.

2021 இல் தென் கொரியாவிலிருந்து வந்த 'ஸ்குவிட் கேம்' தொடரை எனது மாணவர்களில் பலர் போனில் பார்த்திருந்தார்கள். அங்கும் மனிதர்களுக்கு எண்தான் உண்டு. செத்தவர்களைப் பெட்டியில் போட்டு எரித்துவிடுகின்றார்கள். ஆனாலும் அந்தக் கதை எண்களாக நின்றவர்களுக்குப் பெயரையும் கடனையும் தாயையும் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு, பொம்மை திரும்பும்போது அசையாமல் நிற்கின்ற விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விடயம்.

அதிர்ச்சி தருகின்ற படங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். வெற்றிமாறனின் 'விசாரணை' பார்ப்பதற்கு மிகவும் கடினமான படம். கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், செய்யாத குற்றத்துக்காகத் தான் அடிபட்ட அனுபவத்தை வைத்து எழுதிய 'லாக்கப்' என்னும் நூலிலிருந்து பிறந்தது அது. அதில் பிரம்படி விழும்போது யாரும் விசிலடிப்பதில்லை. அடிபடுகின்றவனின் முதுகில் நம்மை வைத்துவிடுகின்றார் இயக்குநர். படம் முடிந்த பின்னரும் அந்த அடி ஓய்வதில்லை. அதுவும் வன்முறைதான், வணிகத் திரையரங்கில் ஓடியதுதான். ஆனால் அங்கு செத்தவனுக்கு ஊர் இருக்கின்றது, பேச்சு இருக்கின்றது, அவனை நினைக்க நாம் இருக்கின்றோம்.

இந்த வேறுபாட்டை அதிகாரத்திலுள்ளவர்கள் காண்பார்கள் என்று நம்புவதற்கில்லை. பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படம் நினைவிருக்கலாம். போரில் இறந்ததாகச் சொல்லி மகனின் சவப்பெட்டியை மூடி முத்திரையிட்டுக் கொண்டுவந்து கொடுக்கின்றார்கள். கண் தெரியாத கிழத் தந்தை, மகன் செத்தான் என்பதை ஏற்க மறுக்கின்றார். இறுதியில் அந்தப் பெட்டி தோண்டி எடுக்கப்படுகின்றது. உள்ளே மகனின் உடல் இல்லை. ஜோ அபேவிக்ரம நடித்த அந்தத் தந்தையின் முகம் இந்நாட்டின் எல்லா இனத்துத் தகப்பன்மாரின் முகமாகும். அப்படத்தில் வெட்டில்லை, குத்தில்லை. ஆனால் 2000 ஆம் ஆண்டு அரசாங்கம் அதைத் திரையிடத் தடை விதித்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே மக்கள் அதைப் பார்க்க முடிந்தது. நாற்பது பேரைச் சுட்டுத் தள்ளுகின்ற படங்கள் ஒரு தடையுமின்றி ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒரேயொரு மையித்து எங்கே என்று கேட்ட படம் ஆபத்தானதாகத் தெரிந்திருக்கின்றது.

ஆகவேதான் கத்தரிக்கோலை அரசிடமோ வேறு எவரிடமோ கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. அந்தக் கத்தரிக்கோல் அடியாட்களின் தலையை விட்டுவிட்டு அந்தத் தந்தையின் கேள்வியை வெட்டும்.

*

"படம் பார்த்தா கெட்டுப்போனோம்? நாங்களும் எம்ஜிஆர் சண்டை பார்த்து வளர்ந்தவர்கள்தானே" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. படம் பார்த்தவன் கொலைகாரனாவான் என்று நான் சொல்லவில்லை. 1990 இல் துவக்கோடு வந்தவர்களைச் சினிமா அனுப்பவில்லை. 2019 ஏப்ரல் 26 இல் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டை வெடிக்கவைத்து, ஆறு குழந்தைகள் உட்படப் பதினைந்து உயிர்கள் போகக் காரணமானவர்கள் படம் பார்த்துக் கெட்டவர்கள் அல்லர். கொலைக்கு வேறு பாடசாலைகள் உண்டு. கேடு நிகழ்வது வேறோர் இடத்தில் என்பதே எனது எண்ணம். அதை வகுப்பறையில் கண்டேன்.

எங்கள் பாடசாலைக்கு அப்பால், பிரதான வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. ஓர் இளைஞர் அவ்விடத்திலேயே மௌத்தாகிவிட்டார். மறுநாள் தரம் 10 பையன்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் பறிக்கப் போனேன். வீதியில் கிடந்த அந்த இளைஞரின் உடலை யாரோ படம் பிடித்திருக்கின்றார்கள். யாரோ அதற்கு ஒரு நட்சத்திர நடிகரின் படத்துப் பின்னணி இசையைச் சேர்த்திருக்கின்றார்கள். பையன்களில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். கெட்ட பையனல்ல. தண்ணீர்ப் போத்தலை மறந்து வந்த சிறுவனுக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிடுகின்றவன். இறந்தவரின் மாமி மகள் அடுத்த வகுப்பில் இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது அவனது முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

அவனை நான் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஏச எனக்கு என்ன தகுதி? பெருநாளைக்கு மறுநாள் நான் கை தட்டியதும் அதே இசைக்குத்தான். அது போலித் தலை, இது மெய்யான உடல் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அறிவுக்குத் தெரிந்தது மனதுக்கு எட்டவில்லை என்பதே இதிலுள்ள துயரம். உடல் விழுகின்ற நேரம் இசை அதிரவேண்டும், உள்ளம் துள்ளவேண்டும் என்று நூறு தடவை பழக்கப்பட்டுவிட்ட மனம், நூற்றோராவது தடவை நிஜ உடலைக் கண்டபோதும் பழகிய தடத்திலேயே போய்விட்டது. கொலை செய்யக் கற்பதைவிட, சாவின் முன்னே தலை குனிய மறப்பது இலகு. ஓர் ஊர் முழுவதும் அதை ஒன்றாக மறந்துவிடவும் முடியும்.

நாம் அதை மறக்கக்கூடிய சமூகமா? 2020 மார்ச் முதல் ஓராண்டு அளவுக்கு இந்நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான நமது குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்டது. பொரளையில் அந்த மயான வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்குவதற்கு இடம் கிடைத்தபோது, அத்தனை தூரம் கடந்து போய் ஒரு பிடி மண் போட முடிந்தவர்கள் அதையே பாக்கியமாகக் கருதினார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரவும் தீர்மானித்தது. ஓர் உடலை உரிய மரியாதையோடு மண்ணுக்குள் வைப்பது என்றால் என்னவென்று நம்மைவிட அண்மையில் அழுது அறிந்தவர்கள் யார்? அந்த நாமே, மனிதர்களை நாற்காலியில் வைத்துச் சாம்பலாக்குகின்ற கதையைப் பொரியல் கொறித்துக்கொண்டு பார்க்கின்றோம்.

இதில் இன்னும் கசப்பான ஒன்றுண்டு. அதையும் சொல்லாமல் விடலாகாது. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். நினைவுகூரத்தான் வேண்டும். அதே மாதம், எங்கள் மாவட்டத்திலேயே, வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதை நமது கூட்டங்களில் யார் பேசுகின்றார்கள்? அவர்களும் நமது வீரமுனையைப் பேசுவதுபோல நமது காத்தான்குடியைப் பேசுவதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கின்றோம். நம்முடைய ஆள் விழுந்தால் அது ஷஹாதத். அவர்களுடைய ஆள் விழுந்தால் அவன் பெயரில்லாத ஒருவன். நாயகனின் மகனுக்கு அழுது, அடியாளின் மகனை எண்ணாமல் விடுகின்ற அந்தக் கணக்கைச் சினிமா நமக்குக் கற்றுத்தரவில்லை. அது நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. சினிமா அதற்கு இசை போட்டு, விழா எடுத்து, வெட்கப்படத் தேவையில்லை என்று நம்மைச் சமாதானப்படுத்துகின்றது. அதனால்தான் எனக்கு அச்சமாக இருக்கின்றது.

*

அந்தப் போன் விடயத்துக்குப் பிறகு அடுத்த வாரம் தமிழ்ப் பாடத்தில் அவர்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். நீங்கள் பார்த்த ஏதாவது ஒரு படத்தின் சண்டைக் காட்சியில் செத்து விழுகின்ற ஓர் அடியாளைத் தெரிவுசெய்யுங்கள். அன்று மாலை அவனது வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். முதலில் வகுப்பு சிரித்தது. பின்னர் பேனைகள் ஓடத் தொடங்கின.

பலர் கடமைக்கு எழுதியிருந்தார்கள். சிலருடைய அடியாட்கள் செத்த பிறகும் எழும்பி வந்து பழிவாங்கினார்கள். ஆனால் அன்று சிரித்த அந்தப் பையன் எழுதியது வேறு மாதிரி இருந்தது. அவனது அடியாளின் தாய் இரவுச் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கின்றாள். அவன் என்ன தொழில் செய்கின்றான் என்பது அவளுக்குத் தெரியாது. கொழும்பில் கடையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றாள். விடிகின்றது. சோறு பழஞ்சோறாகின்றது. அவள் அதில் தண்ணீர் ஊற்றி வைக்கின்றாள். அவ்வளவுதான். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், இப்பிடி யோசிக்கத் தொடங்கினா படமே பார்க்க ஏலாதே?"

அன்று அவனுக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மணியும் அடித்துவிட்டது. இப்போது சொல்லலாம். படம் பார்க்கலாம், மகன். மூத்தம்மாமார் தலை வீழ்ந்த கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் பார்க்கின்றபோது ஒரு கண் விழுந்தவனின் மேலும் இருக்கட்டும். இவனைத் தேடி யார் வருவார்கள் என்று மனதுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள். அந்தக் கேள்வியைத் தாங்குகின்ற படம் நல்ல படம். தாங்காமல் உடைந்துபோகின்ற படம் உடைந்து போகட்டும், அதனால் உனக்கு நட்டமில்லை. பெரியவர்கள் இருக்கின்ற வீட்டில் பார்ப்பதானால், அவர்கள் எதைச் சுமந்தவர்கள் என்று தெரிந்துகொண்டு பார்.

கடைசியாகச் சொன்னதை நான் எனக்கே சொல்லிக்கொள்கின்றேன். அடுத்த பெருநாளைக்கு மாமா வந்தபோது பையன்கள் மீண்டும் டீவியைச் சுற்றிக் கூடினார்கள். என்ன படம் என்று நான் கேட்கவில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. கதிரையை முற்றத்துக்குத் தூக்கிப் போட்டு மாமாவோடு இருந்தேன். அந்தக் கொலுசைப் பற்றிக் கேட்டேன். இருபது வருடமாக அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மூத்த மகன் வெளியே வந்து, தூணில் சாய்ந்துகொண்டு கேட்கத் தொடங்கினான்.